நனைந்த குழாயின் அளவு

அத்தியாயம் 9

"அண்ணி, இது வர மாட்டேங்குது."

"எது?"

"இந்தக் குழாய். சும்மா கை அரிக்குதேன்னு பித்தளை மூக்குல சொருகிப் பார்த்தேன். இப்போ பல்லால கடிச்சு இழுத்தாலும் வர மாட்டேங்குது."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரம்மா மெல்லத் தலையைத் தூக்கினார். தூக்கிய தலை அப்படியே நின்றுவிட்டது.

கதைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொள்ளுங்கள் கண்ணுகளா, பிறகு வேகமாகப் போய்விடலாம்.

இன்ஸ்பெக்டரம்மா போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. துணி மில்லில் முப்பது வருஷம் துணியின் தரம் பார்த்தவர். இழை ஒன்று குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கண். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. காணாமல் போனது, மாறிப் போனது, மறைத்து வைத்தது என்று ஊரில் எது நடந்தாலும் ஆட்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கூடவே சுற்றுகிறவள் அவருடைய நாத்தனார். தையல்காரி. வாயும் கையும் ஒன்றுக்கொன்று சளைக்காததால் அவளுக்கு எல்லோரும் வைத்த பேர் ஊசி.

ஒன்பது நாளைக்கு முன் ஞாயிற்றுக்கிழமை, மாதிரி விமான கிளப்பின் மைதானத்தில் பல் டாக்டரின் புது விமானம் முதன்முதலாகப் பறந்தது. பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கை நுனிக்கு நுனி ஒன்பது அடி, எடை பன்னிரண்டு கிலோ, பெட்ரோலில் ஓடுகிற இன்ஜின். தரையில் நின்றபடி ரேடியோவால் ஓட்ட வேண்டும். மேலே போன ஆறாவது நிமிஷம் இன்ஜின் நின்றது. டாக்டருக்கு அதை மிதக்க விட்டு இறக்கத் தெரியவில்லை. பார்வையாளர் நாற்காலிகளின் குறுக்கே வந்து விழுந்து, டாக்டரின் மாமியாருக்குக் கை எலும்பு முறிந்தது. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் தலை.

"மாமியார் மேல விழுந்திருக்குன்னா முதல்ல மருமகனைத்தான் பிடிக்கணும்" என்று ஊசி அன்றைக்கே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

கணவர் கிளப் உறுப்பினர் என்பதால் இன்ஸ்பெக்டரம்மாவும் மைதானத்தில் இருந்தார். இன்ஜின் மூடியைக் கழற்றினார். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகிற குழாய், அதைச் சொருகுகிற பித்தளை மூக்கிலிருந்து கழன்று தொங்கியது. மாட்டிப் பார்த்தார். தொளதொளவென்று கழன்றது. ஸ்கேலை வைத்து அளந்தார். குழாயின் துளை மூக்கைவிடப் பெரிது. பொருந்தாத குழாயை எவனோ வேண்டுமென்றே மாட்டியிருக்கிறான்.

விமானத்தை முழுக்கப் பூட்டித் தயார் செய்தது ஃபிட்டர். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் நாலு பேர் முன்னால் டாக்டரிடம், "இதை ஓட்ட உங்களுக்கு இன்னும் ஆறு மாசம் பழக்கம் வேணும் சார். இது விழுந்தா தனியா விழாது" என்று சொல்லியிருந்தார். விழுந்த பிறகு அந்தப் பேச்சு மிரட்டலாகத் தெரிந்தது.

விமானம் விழுந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டரம்மா பெஞ்ச் மேல் ஏறி நின்று, மைக்கை வாங்கி, அறுபது பேர் காதிலும் விழும்படி சொன்னார்: "இது விபத்து இல்ல. பொருந்தாத குழாயைத் தெரிஞ்சே மாட்டியிருக்கு. மாட்டினது ஃபிட்டர்." பிறகு குழாயையும் மூக்கையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

இன்று மாலை ஐந்து மணிக்குக் கிளப் கமிட்டி கூடுகிறது. ஃபிட்டர் மேல் போலீசில் கொடுக்கப் போகிற புகாரில் எல்லோரும் கையெழுத்துப் போடப் போகிறார்கள். கூட இணைப்பது இன்ஸ்பெக்டரம்மாவின் அறிக்கை.

அந்த அறிக்கையின் உயிர், தொளதொளவென்று கழன்ற குழாய். அதுதான் இப்போது பல்லால் இழுத்தாலும் வரமாட்டேன் என்கிறது.

"குடு இங்க."

ஊசி கொடுத்தாள். இன்ஸ்பெக்டரம்மா இழுத்தார், திருகினார், கடைசியில் கத்தரியால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. மறுபடி ஸ்கேலை வைத்தார். துளை மூக்கைவிடச் சின்னது.

"அண்ணி, ராத்திரி எலி வந்து மாத்தி வெச்சிருக்குமோ?"

"உறை ஒட்டினது ஒட்டினபடி இருந்துச்சா?"

"நான்தானே கிழிச்சேன். உங்க கையெழுத்து மேலயே கிழிச்சேன்."

இன்ஸ்பெக்டரம்மா பின்பக்கத்து ஷெட்டுக்குப் போனார். கணவர் வைத்திருந்த கேனிலிருந்து ஒரு டம்ளரில் பெட்ரோல் ஊற்றி, குழாயின் ஒரு முனையை மட்டும் அதில் முக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் ஊசி அவ்வப்போது ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

எடுத்துப் பார்த்தபோது முக்கின முனை மட்டும் உப்பி, கொழகொழவென்று, மூக்கில் போட்டால் தானாக விழுந்தது.

"பெருத்துப் போச்சு" என்றாள் ஊசி. "அன்னைக்கு பெட்ரோல்ல ஊறியிருந்துச்சு. ஒன்பது நாள்ல காய்ஞ்சு பழையபடி ஆயிருக்கு. துணி தண்ணியில சுருங்கும், இது பெட்ரோல்ல பெருக்குது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்போ மாட்டும்போது சரியாத்தான் பொருந்தியிருக்கு. வேணும்னு யாரும் பெரிய குழாயா மாட்டல."

இன்ஸ்பெக்டரம்மா டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மில்லுல புதுசா வேலைக்குச் சேர்ற பொண்ணுங்களுக்கு முதல் நாள் முதல் பாடமே இதுதான். நனைஞ்ச துணியை அளக்காதே. முப்பது வருஷம் சொல்லிக் குடுத்தேன். கடைசியில நான் நனைஞ்சதை அளந்திருக்கேன்."

"அளந்தது மட்டுமா அண்ணி? மைக்ல வேற சொல்லிட்டோமே."

சொல்லிட்டோம் என்றாள், பாருங்கள். சொன்னது ஒருத்தர்தான். ஊசியின் வாய் எப்படியோ, மனசு அப்படி.

*

ஃபிட்டரின் பட்டறை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. புல்வெட்டும் இயந்திரம், தண்ணீர் பம்பு, மரம் அறுக்கும் மெஷின் என்று சின்ன இன்ஜின் எதுவானாலும் பழுது பார்ப்பவர். சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் வாடிக்கையாளர் பேர் எழுதிய அட்டை. அட்டைகள் தொங்கின, அவற்றின் கீழே இருக்க வேண்டிய இயந்திரங்களில் பாதி இல்லை. பழுது பார்ப்பதற்கு முன்பே திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது கேட்காமலே தெரிந்தது.

அவர் வாங்க என்று சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"நீங்கதான் அன்னைக்கே எல்லாம் சொல்லிட்டீங்களேம்மா. இன்னும் கேக்க என்ன பாக்கி?"

"சூடா இருக்கீங்க போல" என்று ஊசி இளித்தாள். "நாங்க வேணும்னா இன்ஜின் ஆறினப்புறம் வரவா?"

ஃபிட்டர் அவளைப் பார்த்தார். அவ்வளவுதான். ஊசி தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா குழாயை நீட்டினார். "இது நீங்க போட்டதா?"

ஒரு விநாடிகூட ஆகவில்லை. "இல்ல."

இழுப்பறையைத் திறந்து ஒரு சுருளை எடுத்து மேஜையில் போட்டார். மஞ்சள் நிறக் குழாய். "பெட்ரோல் இன்ஜினுக்கு நான் போடுறது இது. பெட்ரோல் இதை ஒண்ணும் பண்ணாது. மாட்டின இடத்துல எல்லாம் மெல்லிசுக் கம்பியால ஒரு சுத்துச் சுத்தி முறுக்கிடுவேன், இன்ஜின் அதிர்ச்சியில கழலக் கூடாதுன்னு. டேங்குக்குள்ள பாருங்க, அங்க நான் போட்ட மஞ்சள் அப்படியேதான் இருக்கும். நீங்க கொண்டு வந்திருக்கறது சிலிக்கான். மெத்தனால்ல ஓடுற குட்டி விமானம் இருக்கே, அதுக்கு இது தங்கம். பெட்ரோல்ல போட்டா ஊறிப் பெருத்து வழுக்கிடும். பெட்ரோல் இன்ஜின் தெரிஞ்சவன் எவனும் இதை மாட்ட மாட்டான்."

"இதை ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"குழாயை என் கையில குடுத்தீங்களா? தூரத்துல தூக்கிக் காட்டினீங்க, உறையில போட்டு ஒட்டிட்டீங்க. ஏன் பண்ணினேன்னு பத்துப் பேரு கேட்டாங்க. எதைப் போட்டேன்னு ஒருத்தர் கேக்கல." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஒண்ணு என் தப்பு. வெள்ளிக்கிழமை எல்லாம் பார்த்து, மூடியைத் திருகி, கை வைக்காதீங்கன்னு சீட்டு கட்டி, மைதானத்துக்குப் பக்கம்னு உங்க வீட்டு ஷெட்டுல விட்டேன். ஞாயித்துக்கிழமை ரேடியோ, சுக்கான், பேட்டரி, எடை சமமா நிக்குதா எல்லாம் பார்த்தேன். மூடியைத் திறந்து பார்க்கல. பார்த்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். அதைச் சொன்னா மிச்சத்தையும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு வாயை மூடிக்கிட்டேன்."

உள்ளே அவர் மனைவியின் குரல், "யாரு வந்திருக்கா?" என்றது.

"யாரும் இல்ல" என்றார் ஃபிட்டர். பிறகு தாழ்ந்த குரலில், "அவ கடைக்குப் போறதை நிறுத்திட்டா. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் பார்க்குற வேலை என்கிட்டதான் இருக்கு. போலீஸ்ல பேர் ஏறினா அதையும் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அஞ்சு மணிக்குக் கையெழுத்தாமே?"

"இன்னும் நேரம் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. அவர் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஃபிட்டர் குழாயை வெளிச்சத்தில் திருப்பினார். "இது புதுசும் இல்ல. இதோ பாருங்க, மேல வெள்ளை வெள்ளையா மூணு வளையம். தண்ணியில இருக்குற உப்புப் படிஞ்சது. விமானத்துல ஏதும்மா தண்ணி?"

அந்த வளையங்களை இன்ஸ்பெக்டரம்மா அன்றைக்கே பார்த்திருந்தார். தூசி என்று நினைத்துத் துடைக்கப் பார்த்து, போகாததால் விட்டுவிட்டார்.

*

வண்ணமீன் கடையைச் சொன்னது ஊசிதான். "தண்ணிக்குள்ள சிலிக்கான் குழாய்னா ஒண்ணு ஆஸ்பத்திரி, இல்லேன்னா மீன் தொட்டி. ஆஸ்பத்திரியில ஏறுற குழாய்ல உப்பு வளையம் இருந்தா நோயாளி இதுக்குள்ள பிழைச்சிருக்க மாட்டான்."

கடைக்காரர் குழாயை விரலில் உருட்டிப் பார்த்தார். "காத்துக் குழாய். மோட்டார்லேர்ந்து தொட்டிக்குள்ள தொங்கும். தண்ணி குறையக் குறைய ஒவ்வொரு மட்டத்துலயும் ஒரு கோடு விழும். மூணு கோடுன்னா தண்ணி மாத்தறதுக்குச் சோம்பல்படற வீடு."

"எந்த வீடுன்னு சொல்ல முடியுமா?"

"குழாயை வெச்சு வீட்டைச் சொல்ல நான் என்ன ஜோசியனா?"

"கையை நீட்டட்டுமா? பார்த்துச் சொல்லிடுங்க" என்றாள் ஊசி.

கடைக்காரருக்கு அவளைப் பிடித்துவிட்டது. "ஆனா ஒண்ணு. பழசுல ஒரு துண்டை வெட்டினவங்க புதுசுக்கு வருவாங்க இல்லையா? போன வாரம் திங்கட்கிழமை, கடை திறந்ததும் திறக்காததுமா ஒரு பெரியவர். ஒரு ஜாண் குழாய் வேணுமாம். ஒரு ஜாண் யாரு வாங்குவா? மீட்டர் கணக்குலதான் தருவேன்னேன்."

"எப்படி இருந்தார்?"

"எல்லாரையும் போலத்தான். வாயைத் திறந்தாத்தான் ஒரு மாதிரி. 'தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு ஜாண் கிடைக்குமா.' 'தப்பா எடுத்துக்காதீங்க, பை வேணாம், பாக்கெட்டுல போட்டுக்கறேன்.' குழாய் வாங்கறதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்குன்னு எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அந்த மனுஷனுக்குச் சிரிப்பு வரல. மேல பெட்ரோல் வாடை வேற."

இன்ஸ்பெக்டரம்மா ஊசியின் பக்கம் திரும்பினார். அவளிடமிருந்து ஏதாவது ஒரு நக்கல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணாடித் தொட்டியில் போய்க்கொண்டிருந்த ஒரு சிவப்பு மீனையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையை விட்டு வந்து இரண்டு பேரும் தெருமுனை வரை நடந்தார்கள்.

"அண்ணி."

"சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீ ஒண்ணும் சொல்லாததுலதான் எனக்குத் தெரிஞ்சுது."

இன்ஸ்பெக்டரம்மா கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தார். விமானத்துக்குப் பக்கத்தில் போனவர்கள் என்று பதினோரு பேரை எழுதி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்து, ஒவ்வொரு பேருக்கும் நேரே சரி போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை வரை விமானம் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு, 'என் வீட்டு ஷெட்டில், என் பூட்டில்' என்று தானே பதில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று எழுதவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. கிளப்பில் எல்லோர் விமானத்துக்கும் எரிபொருள் நிரப்பிக் கொடுக்கிற மனுஷன், எல்லோரும் பெட்ரோல் மாமா என்று கூப்பிடுகிற மனுஷன், எதைச் சொன்னாலும் 'தப்பா எடுத்துக்காதீங்க' என்று தொடங்குகிற மனுஷன், தன்னோடு ஒரே தட்டிலிருந்து பிட்டு வாயில் போட்டுக்கொள்கிற மனுஷன். அவரைப் போய் யாராவது விசாரிப்பார்களா?

*

ஹாலில் மீன் தொட்டி கொப்பளித்துக்கொண்டிருந்தது. மோட்டாரிலிருந்து வந்த குழாயில் பாதி பழுப்பு, பாதி பளபளவென்று புதுசு. நடுவில் ஒரு வெள்ளை இணைப்பு. ஒன்பது நாளாக அதற்கு எதிரே உட்கார்ந்துதான் இன்ஸ்பெக்டரம்மா அறிக்கை எழுதினார்.

கணவர் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஷெட்டில் அந்த டம்ளரைப் பார்த்திருக்க வேண்டும்.

"தப்பா எடுத்துக்காத" என்றார்.

இன்ஸ்பெக்டரம்மா எதிரே உட்கார்ந்தார். மில்லில் ஆயிரம் பேரை எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். "என்னங்க பண்ணீங்க?" என்பதற்கு மேல் வரவில்லை.

"சனிக்கிழமை மத்தியானம் டேங்கை நிரப்பி வெச்சுட்டா ஞாயித்துக்கிழமை நேரம் மிச்சமாகும்னு மூடியைக் கழட்டினேன். கைப்பட்டு மஞ்சள் குழாய் மூக்குக்கிட்ட கிழிஞ்சுது. ஃபிட்டருக்குப் பண்ணலாம்னு போனைக் கையில எடுத்துட்டேன். எடுத்ததும் என்ன சொல்வார்? கை வைக்காதீங்கன்னு எழுதிக் கட்டியிருந்தேனே மாமான்னு சொல்வார். அந்த ஒரு வார்த்தையைக் கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. போனைக் கீழ வெச்சுட்டேன்."

"அதுக்கு மீன் தொட்டிக் குழாயா?"

"என் காலத்துல எல்லாம் குட்டி விமானம், மெத்தனால். முப்பது வருஷம் இதே குழாயைத்தான் போட்டிருக்கேன், ஒரு தடவை கழண்டதில்ல. பெட்ரோலுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. டேங்கை நிரப்பிட்டு, மூடியைப் பழையபடி திருகிட்டேன். ராத்திரி முழுக்க ஊறியிருக்கு."

"எப்போ தெரிஞ்சுது?"

"நீ குழாயைத் தூக்கிக் காட்டினப்போ. என் குழாய்னு பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே வாயைத் திறந்திருக்கலாமே."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ அதுக்குள்ள பெஞ்ச் மேல ஏறிட்ட."

தொட்டி மட்டும் கொப்பளித்தது.

"நீ சொன்னா தப்பா இருக்காதுன்னு எல்லாரும் நம்பினாங்க" என்றார். "கொஞ்ச நேரம் நானும் நம்பினேன். ஒருவேளை ஃபிட்டரும் ஏதாவது பண்ணியிருப்பாரோன்னு. அப்புறம் ஒரு நாள் போச்சு. ரெண்டு நாள் போச்சு. நாள் போகப் போகச் சொல்ல வேண்டியது பெருசாகிட்டே போச்சு."

ஊசி வாசற்படியில் நின்றபடியே பேசினாள். அவள் குரலில் எப்போதும் இருக்கிற துள்ளல் இல்லை. "பொண்டாட்டி வார்த்தை பொய்யாகிடக் கூடாதுன்னு ஒரு மனுஷனைக் குற்றவாளியா நிக்க வெச்சிருக்கியே அண்ணா. அந்த வீட்டுல ஒரு பொம்பளை கடைக்குப் போக முடியாம உட்கார்ந்திருக்கா. நான் அங்க போய் ஜோக் அடிச்சுட்டு வர்றேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் பார்க்க எளிதாக இருந்திருக்கும்.

மணி மூன்றே கால். இன்ஸ்பெக்டரம்மா அறிக்கையை மேஜையில் விரித்தார். ஊசி பக்கத்தில் வந்து நின்றாள், கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல, "அண்ணி, காரணம் தெரியலைன்னு எழுதிட்டாக்கூட ஃபிட்டர் தப்பிச்சிடுவார் இல்ல?" என்றாள்.

"தப்பிச்சிடுவார்."

"புகாரும் போகாது. அண்ணன் பேரும் வராது."

உங்களிடம் மறைப்பானேன். இன்ஸ்பெக்டரம்மா பேனாவை எடுத்தார். 'குழாய் கழன்றதற்கான காரணம் தெளிவாகத் தெரியவில்லை' என்று எழுதினார். அழகான கையெழுத்து. எழுதியதைப் படித்தார். காரணம் தெரியாது என்றால் சந்தேகம் அப்படியே இருக்கும். ஃபிட்டரின் ஆணிகளில் அட்டை மட்டும் தொங்கும். அவரைக் காப்பாற்றுவதற்கு எழுதியது போல இருந்தாலும் அந்த வரி காப்பாற்றியது வேறு இரண்டு பேரை. எழுதினவரும் அதில் ஒருத்தர்.

அடித்தார். ஒரு கோடு போதாமல் மேலும் மேலும் அடித்தார், தாள் கிழிகிற வரைக்கும்.

"கிளம்புங்க" என்றார் கணவரிடம். "சட்டையை மாத்திக்கங்க. பெட்ரோல் வாடை அடிக்குது."

*

கமிட்டி அறையில் பல் டாக்டர், கையில் மாவுக்கட்டோடு அவர் மாமியார், செயலாளர், இவர்கள் மூன்று பேர். கதவோரம், உட்காராமல், ஃபிட்டர். புகார் மேஜை மேல் தயாராக இருந்தது, பக்கத்தில் பேனா.

இன்ஸ்பெக்டரம்மா நின்றுகொண்டே பேசினார். குழாயை மூக்கில் மாட்டிக் காட்டினார், கழற்ற முடியாததைக் காட்டினார். கொண்டுவந்திருந்த டம்ளர் பெட்ரோலில் ஊறிக்கொண்டிருந்த இன்னொரு துண்டை எடுத்து, அது தானாக விழுவதைக் காட்டினார். மூன்று வளையங்களைக் காட்டி, இது மீன் தொட்டிக் குழாய் என்றார். அடுத்து அவர் பேர் சொல்ல வாயெடுக்கும்போது, கணவர் எழுந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்கங்க" என்றார். "மாட்டினது நான்தான்."

முதலில் பேசியது டாக்டரின் மாமியார். "அப்போ என் கையை உடைச்சது மீனா?"

அறை சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே எல்லாம் தளர்ந்துபோயிற்று. டாக்டர் புகாரை எடுத்து நாலாகக் கிழித்தார். "நம்ம மாமாதானே. வேணும்னா பண்ணினார்? விடுங்க." செயலாளர் மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். யாரோ அவருக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். வயசு, பழைய பழக்கம், யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று ஆளாளுக்கு ஒரு சமாதானம் வந்து விழுந்தது.

பார்த்துக்கொண்டே நின்ற இன்ஸ்பெக்டரம்மாவுக்கு, இதுவரை பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. பண்ணினவருக்கு மன்னிப்பு கிடைக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. பண்ணாதவர் ஒன்பது நாளாக நிற்கிறார்; இப்போதும் அவருக்கு ஒரு நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.

அவர் ஃபிட்டர் முன்னால் போய் நின்றார். "நான் தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

"சரிம்மா" என்றார் ஃபிட்டர். கதவைத் திறந்தார். போகவில்லை. அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இங்க என்னையும் சேர்த்து ஏழு பேரு இருக்கோம்."

"ஆமா."

"அன்னைக்கு அறுபது பேரு."

*

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அறுபதுக்கும் மேலேயே இருந்தார்கள். விஷயம் அரைகுறையாகக் கசிந்திருந்தது. அரைகுறையாகக் கசிந்தால் கூட்டம் கூடும்.

பெஞ்ச் அதே பெஞ்ச். ஏறும்போது ஊசி கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் கேட்காமலே பக்கத்தில் வந்து, கீழே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் நின்றார். மைக்கில் பேசிப் பழகியவர்தான் இன்ஸ்பெக்டரம்மா. இன்றைக்கு அதை எந்த உயரத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை.

எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நாலு வாக்கியம்தான். விமானம் விழுந்ததற்கு ஃபிட்டர் காரணம் இல்லை. அவர் செய்த வேலை சுத்தமான வேலை. குழாயை மாற்றியது என் வீட்டுக்காரர், தப்பாக அளந்து தப்பான ஆளைச் சொன்னது நான். இதே இடத்தில் நின்று சொன்னேன், இதே இடத்தில் நின்று திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

முடித்தபோது உள்ளங்கை நனைந்திருந்தது. முன்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். டாக்டர் கைதட்டலாமா என்று இரண்டு கையையும் தூக்கி, யோசித்து, இறக்கிவிட்டார். முடிந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டரம்மா ஒரு காலைக் கீழே வைத்தார்.

மைதானத்தின் கோடியில் யாரோ ஒரு விமானத்தின் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால், வண்டிகள் நிற்கிற இடத்தில் ஃபிட்டர் நின்றார். பக்கத்தில் ஒரு பெண். இத்தனை நாள் வெளியே வராத முகம். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்திருந்தாள்.

"இன்ஜின் சத்தத்துல பின்னாடி இருக்கறவங்க காதுல சரியா விழல" என்றார் ஃபிட்டர். குரலை உயர்த்தவில்லை, ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

ஊசி சுருக்கென்று திரும்பினாள். சொல்ல ஏதோ ஒன்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதை விழுங்கிவிட்டு, கோடியைப் பார்த்து ஓடினாள். "அந்த இன்ஜினை நிறுத்துங்க."

நின்றது. மைதானம் அப்படி அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டரம்மா கீழே வைத்த காலை எடுத்து மறுபடி பெஞ்ச் மேல் வைத்தார். முதல் தடவை சொல்லும்போது பார்க்காமல் தவிர்த்த அந்தப் பெண்ணின் முகத்தை இப்போது நேராகப் பார்த்தார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வந்து, ஃபிட்டரின் பேரில் தொடங்கி, முதலிலிருந்து சொன்னார்.